ஒரே உலை, இரண்டு தட்டு: கலோரி எண்ணுவதா, மாவுச்சத்தைக் குறைப்பதா?

"சோத்தை விடணுமா டீச்சர், இல்ல அளந்து சாப்பிட்டா போதுமா?" பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புக்கு மனையியல் நடத்தும் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். ஆசிரியர் அறையில் கேட்பார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்பார். என் வீட்டில் இரண்டும் நடக்கிறது. என் கணவர் கலோரி கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறார். மாடியில் குடியிருக்கும் என் தங்கை மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறாள். அடுப்பு ஒன்று, உலை ஒன்று, சமைப்பது நான். தனித்தனியாகச் சமைக்க எனக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு முறையிலும் எடை குறையும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை உங்கள் ஒரு வாரச் சாப்பாடு சொல்லிவிடும். யூடியூபில் யார் எத்தனை கிலோ குறைத்தார்கள் என்பதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

இது என் வீட்டு அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்த உணவும் மறுபாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்த உணவும் பழக்கினார்கள். 2018-இல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் 20 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். மரபணுவைப் பார்த்தோ இன்சுலின் சுரப்பைப் பார்த்தோ யாருக்கு எது பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியவில்லை. எனக்கு அந்த ஆய்வில் பிடித்த விஷயம் வேறு. இரண்டு பக்கத்தாரையும் கலோரி எண்ணச் சொல்லவில்லை. காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதா போன்ற மாவையும் தள்ளிவையுங்கள் என்றுதான் சொன்னார்கள். அப்படிச் செய்ததிலேயே இரு பக்கமும் சாப்பிடும் கலோரி தானாகக் குறைந்தது.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை போடுபவர்களும் மருந்து அளவை மாற்றாமல் சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை போகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு வெட்டினால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இரண்டு முறையுமே இப்போது வேண்டாம். சாப்பாட்டை நினைத்தாலே பயமும் குற்ற உணர்வும் வருகிறவர்கள் எண்களைத் தொடாமல் இருப்பது நல்லது.

எடை குறைக்க வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அந்த உயரத்தை அதாலேயே பெருக்கி, வருவதால் எடையை வகுங்கள். கிடைக்கும் எண் இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். அதைவிட இஞ்சு டேப் நம்பகமானது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டக் கூடாது.

ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். எந்த முறை என்று முடிவெடுப்பதற்கு முன் ஒரு நோட்டில் ஏழு நாள் சாப்பாட்டை எழுதுங்கள். வழக்கம்போலவே சாப்பிடுங்கள். டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, தோசைக்கு எவ்வளவு எண்ணெய், பொடிக்கு எவ்வளவு நல்லெண்ணெய், டிவி பார்க்கும்போது எத்தனை கைப்பிடி மிக்சர் என்று எல்லாம் எழுத வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். உப்பு பார்க்க வாயில் போட்டது, பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சம், "வீணாகப் போகுதே" என்று ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது சாப்பிட்ட இரண்டு கரண்டி சாம்பார் சாதம், இவையும் சாப்பாடுதான். என்னிடம் நோட்டைக் கொண்டுவந்து காட்டிய பல அம்மாக்களுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டில் குறையே இருக்காது. கூடுதல் எல்லாம் இந்த மிச்சத்தில்தான் இருக்கும். மிச்சத்தை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். உங்கள் வயிறு அதற்கான இடம் இல்லை.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சிட்டையைப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வருகிறது. அதிலேயே 340 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 27 கிராம் எண்ணெய்தான் சொல்கிறார்கள்.

அதே வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு, 400 கிராம் காய்கறி கீரை என்று இருக்கிறது. இதை நம் வீட்டுத் தட்டோடு வைத்துப் பாருங்கள். பருப்பும் காயும் பாதிகூட வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வும் அதைத்தான் சொல்கிறது: நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான். அதனால்தான் நம் ஊரில் கலோரியைக் குறைக்கப் போனாலும் மாவுச்சத்தைக் குறைக்கப் போனாலும் கை முதலில் சோற்றுக் கரண்டிக்குத்தான் போகும். இரண்டு முறைக்கும் வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள்

ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மதுவுக்கு 7. பாக்கெட்டில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம். பாக்கெட்டில் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற வரியை மட்டும் பாருங்கள். ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்று எழுதியிருப்பது கண்ணை ஏமாற்றும். யாரும் அந்த அளவோடு நிறுத்துவதில்லை.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஐந்து கிலோ வரை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். மாவை எப்படிக் கணக்குப் பண்ணுவது என்று மாணவிகளுக்குச் சொல்லித்தரும் வழியையே இங்கேயும் சொல்கிறேன். என் வீட்டில் ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. காய்ந்த பொருள் 1250 கிராம், கலோரி 4375 அளவு. அரைத்து முடித்தால் மாவு 3 கிலோ வருகிறது. அப்போது 100 கிராம் மாவுக்குச் சுமார் 145 கலோரி, 30 கிராம் மாவுச்சத்து. என் இட்லித்தட்டுக் குழியில் 45 கிராம் மாவு பிடிக்கும். ஆக ஒரு இட்லி 65 கலோரி, 14 கிராம் மாவுச்சத்து. ஒரு கரண்டி 80 கிராம் மாவில் தோசை ஊற்றி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் 155 கலோரி, 24 கிராம் மாவுச்சத்து. உங்கள் குழியும் கரண்டியும் வேறு அளவாக இருக்கும். ஒரே ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, எண்ணை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்கு மேல் தினமும் தராசைத் தூக்க வேண்டியதில்லை.

சோறு வெந்த பிறகு 100 கிராமுக்கு 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். குழைய வேகவைத்தால் தண்ணீர் கூடி எண் குறையும், உதிரியாக வடித்தால் ஏறும். துல்லியம் வேண்டுமென்றால் பச்சரிசியோ புழுங்கலரிசியோ வேகும் முன் நிறுத்து, 100 கிராமுக்கு 350 கலோரி என்று போடுங்கள். 30 கிராம் கோதுமை மாவில் எண்ணெய் இல்லாமல் சுட்ட சப்பாத்தி 100 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து. முட்டை 75 கலோரி, 6 கிராம் புரதம், மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். தேங்காய்த் துருவல் 100 கிராம் 350 கலோரிக்குக் குறையாது, மாவுச்சத்து கொஞ்சம்தான். பால் 100 மில்லியும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட டீ 100 கலோரி.

இரண்டு தவறான நம்பிக்கைகளை இங்கேயே எடுத்துவிடுகிறேன். ராத்திரிச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் எடை குறையும் என்பது ஒன்று. மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டால் அது 200 கிராம் சோற்றைவிட அதிகம், எந்தக் கணக்கில் பார்த்தாலும். இன்னொன்று சிறுதானியம். தினை, சாமை, கேழ்வரகு எல்லாம் நல்ல உணவுதான். நார்ச்சத்தும் தாது உப்பும் வெள்ளை அரிசியைவிட அதிகம். ஆனால் அவையும் தானியம்தான். கலோரியும் மாவுச்சத்தும் அரிசிக்குப் பக்கத்திலேயே நிற்கும். "சிறுதானியம்தானே" என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டால் பலன் போய்விடும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் கருப்பட்டிக் காப்பியின் மணம் எனக்கும் உயிர், ஆனால் கணக்கில் அது சர்க்கரைதான்.

கலோரி கணக்குத் தட்டு

என் கணவருக்கு 54 வயது, உயரம் 168 சென்டிமீட்டர், தொடங்கும்போது 82 கிலோ. நாற்காலி வேலை, காலையில் கொஞ்சம் நடை. ஒரு நாள் தேவையைக் கண்டுபிடிக்க மிஃப்ளின் என்பவர் பெயரில் 1990-இல் வந்த சூத்திரம் இருக்கிறது. எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி. ஆண் என்றால் 5 கூட்டு, பெண் என்றால் 161 கழி. அவருக்கு 820, 1050, கழித்தல் 270, கூட்டல் 5: மொத்தம் 1605. உட்கார்ந்தே இருப்பவர் இதை 1.2-ஆல் பெருக்க வேண்டும், கொஞ்சம் நடப்பவர் 1.375-ஆல். அவருக்கு 2200 வந்தது. அதில் 450 குறைத்து 1750 என்று வைத்தோம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருப்பதால் வாரம் 400 கிராம் குறையும் என்று கணக்கு. இதைவிட வேகம் வேண்டாம். யாராக இருந்தாலும் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் 1200-க்குக் கீழே போகக் கூடாது.

அவருடைய நோட்டில் இருந்தது இதுதான்: காலையில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார். பதினொரு மணிக்கு டீ, ஒரு உளுந்த வடை. மதியம் 300 கிராம் சோறு, குழம்பு, பொரியல், தயிர், அப்பளம். நான்கு மணிக்கு டீ, மிக்சர். ராத்திரி மூன்று தோசை, பொடி, தாராளமாக நல்லெண்ணெய். கூட்டினால் 2300-ஐத் தொட்டது. அவர் சாப்பாட்டுப் பிரியர். ஆனால் பந்தியில் இலை நிறைய வாங்குகிறவர் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கூடியிருந்தது. இப்படிப் பரவலாகக் கூடுகிறவர்களுக்குத்தான் கலோரி கணக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு பொருளையும் ஒதுக்க வேண்டியதில்லை.

மாற்றியது இவ்வளவுதான். சோறு 200 கிராம். வடை ஞாயிற்றுக்கிழமை மட்டும். 40 கிராம் மிக்சர் 220 கலோரி. அதற்குப் பதில் ஒரு கொய்யாவோ சின்னக் கிண்ணம் சுண்டலோ. டீக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை. தோசை இரண்டு, பொடிக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய். இதில் சேமித்ததில் ஒரு பகுதியை ஒரு முட்டைக்குக் கொடுத்தேன், ஏனென்றால் புரதம் குறைந்தால் ராத்திரி பத்து மணிக்குப் பசி எடுத்து எல்லாக் கணக்கும் கலையும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது எட்டப் பாருங்கள். பருப்பு, தயிர், முட்டை, மத்தி, நெத்திலி, சோயா உருண்டை, பனீர், எது கட்டுப்படியாகுமோ அது.

பரிமாறுவதில் ஒரு ஒழுங்கு வைத்தேன். தட்டில் முதலில் காய், அப்புறம் முட்டையோ மீனோ பருப்போ, கடைசியில் சோறு. அடுக்களையிலேயே தட்டைப் போட்டுக் கொண்டுவந்துவிடுவேன். சோற்றுப் பானை சாப்பாட்டு மேசைக்கு வராது. பானை பக்கத்தில் இருந்தால் "இன்னும் கொஞ்சம் ரசத்துக்கு" என்று கை போகத்தான் செய்யும்.

இந்த முறையின் பலவீனம் வெளிச்சாப்பாடு. செயலிகளில் "சாம்பார், ஒரு கிண்ணம்" என்று தேடினால் ஒரு எண் வரும், ஆனால் அது யார் வீட்டுச் சாம்பார், யார் வீட்டுக் கிண்ணம்? ஓட்டலில் பொங்கலுக்கு எவ்வளவு நெய் விட்டார்கள் என்று தெரியாது. அதனால் வெளியே சாப்பிடும் நாளில் கலோரி எண்ணுவதை விட்டுவிட்டு, அளவைப் பாதியாக்குவது ஒன்றைத்தான் அவர் செய்கிறார்.

மாவுச்சத்துக் குறைத்த தட்டு

என் தங்கைக்கு 46 வயது, 156 சென்டிமீட்டர், 70 கிலோ. மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தபோது டாக்டர் சர்க்கரையின் வாசலில் நிற்கிறீர்கள் என்றார். 5.7 முதல் 6.4 வரை அந்த நிலைதான். மாத்திரை எதுவும் இல்லாததால் மாவுச்சத்தைக் குறைக்க அவருடைய ஒப்புதலும் உடனே கிடைத்தது. அவள் கலோரி நோட்டைத் தொடவே மாட்டாள். "அக்கா, எண்ணிக்கிட்டு எல்லாம் என்னால சாப்பிட முடியாது, எதைத் தொடக் கூடாதுன்னு சொல்லு, தொடாம இருக்கேன்" என்பாள். மீன், முட்டை, கறி எல்லாம் சாப்பிடுவாள். இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்கு, அதாவது சர்க்கரை எட்டிப் பார்ப்பவர்கள், எண்ணப் பிடிக்காதவர்கள், அசைவமோ முட்டையோ சாப்பிடுகிறவர்கள், இந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

அவள் வாரக் குறிப்பில் ஒரு நாளைக்கு 300 கிராம் மாவுச்சத்து இருந்தது. நான்கு இட்லியில் 56, மதியச் சோற்றில் 84, ராத்திரி மூன்று சப்பாத்தியில் 60; மிச்சம் டீ, பிஸ்கட், குருமாவில் உருளைக்கிழங்கு. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த மாவுச்சத்து உணவு என்று மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிறார்கள். அதையே இலக்காக வைத்தேன். 20, 30 கிராமில் நிற்கும் கீட்டோவுக்கு நான் ஆதரவு இல்லை. சோறு சாப்பிட்டு வளர்ந்த குடும்பத்தில் அதை வருடக்கணக்காக நடத்துகிறவர்கள் மிகக் குறைவு.

இப்போது காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை. சர்க்கரை இல்லாத டீ. மதியம் 100 கிராம் சோறு, அதைப்போல இரண்டு பங்கு பொரியல், மீன் குழம்பு, தயிர். சாயங்காலம் அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. ராத்திரி ஒரு சப்பாத்தியோ ஒரு தோசையோ, கூடக் கோழியோ பனீரோ முட்டைப் பொரியலோ கீரையோடு. கூட்டினால் 125-ஐ ஒட்டி வரும். அவளுக்காக நான் தனியாகச் செய்வது முட்டை மட்டும்தான்.

முதல் வாரத்திலேயே அவளுக்கு இரண்டு கிலோ குறைந்தது. என் கணவருக்கு அரைக்கிலோகூட இல்லை. உடனே "பார்த்தீர்களா, இதுதான் சரியான வழி" என்று வீட்டில் பேச்சு. அது கொழுப்பு இல்லை. கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்து வரவு குறைந்ததும் சேமிப்பு கரைந்து தண்ணீர் சிறுநீராகப் போய்விடுகிறது. மறுபடி ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் திரும்பி வந்து எடை ஏறும். ஏறியதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், அதுவும் கொழுப்பு இல்லை. தண்ணீரோடு உப்பும் போவதால் முதல் வாரத்தில் தலைவலி, அசதி வரும். உப்புப் போட்ட நீர்மோர் குடித்தால் சரியாகும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மலச்சிக்கல் வந்தால் கீரையும் தண்ணீரும் போதவில்லை என்று அர்த்தம்.

இந்த முறையில் எடை ஏன் குறைகிறது என்றால், பெரும்பாலும் கலோரி குறைவதால்தான். சோறு குறைந்தால் சோற்றோடு வருகிற குழம்பும் அப்பளமும் இரண்டாம் தடவையும் குறைகின்றன. புரதம் கூடுவதால் பசி அடங்குகிறது. பிஸ்கட்டும் மிக்சரும் தானாக வெளியே போகின்றன, அது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பாக்கெட் உணவு கொடுத்த இரண்டு வாரங்களில் அவர்கள், அதிகம் பதப்படுத்தாத உணவு கொடுத்த இரண்டு வாரங்களைவிடத் தினமும் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வகை உணவிலும் மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் ஒரே அளவில்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் மாவுச்சத்து இல்லை என்பதால் கணக்கே இல்லை என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் தானியத்தை அறவே விடச் சொல்லும் பேலியோ உணவு முறையின் அலை அடித்தபோது காலை உணவுக்கு நூறு பாதாம் என்பது பிரபலமாக இருந்தது. ஒரு பாதாமுக்கு 7 கலோரி, நூறுக்கு 700. அது வயிற்றை நிறைத்து மதியம் வரை தாங்கும், உண்மைதான். ஆனால் அதை உணவாகச் சாப்பிடாமல் மற்ற சாப்பாட்டோடு கொறித்தவர்கள் பலர் எடை குறையாமல் என்னிடம் வந்தார்கள். தங்கைக்கு மாதத்தில் ஒரு நாள் நான் கலோரியும் போட்டுப் பார்ப்பேன். 1400-ஐத் தாண்டினால் வேர்க்கடலையும் தேங்காயும் எங்கே கூடின என்று தேடுவோம்.

சொதி வைக்கும் நாள்

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர்ச் சொதியில் பளிச்சென்று தெரியும். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற அதே சொதிதான்: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, இஞ்சிச் சாறு. தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம், மாவுச்சத்து குறைவு. கலோரி எண்ணும் என் கணவருக்கு இது விலை உயர்ந்த குழம்பு. அவருக்கு ஒன்றரைக் கரண்டி, அன்றைக்கு ராத்திரி தோசைக்குப் பதில் இட்லி. தங்கைக்குக் கிழங்கை ஒதுக்கிவிட்டு இரண்டரைக் கரண்டி, சோறு அதே 100 கிராம். ரசம் சோறு சாப்பிடும் நாளில் இது தலைகீழாகும். எண்ணெய் இல்லாத ரசம் சோறு அவருக்கு மலிவு. தங்கைக்கு அதுவே கையைக் கடிக்கும், முட்டையும் பொரியலும் வைத்து ஈடு கட்ட வேண்டும்.

உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வைக்கும் நாளில் இருவருக்குமே கரண்டி சின்னதாகிவிடும். தொலி உளுந்தால் புரதம் கூடுவது நல்லது, ஆனால் தேங்காயும் எள்ளும் சேரும்போது கொஞ்சத்திலேயே நிறைய இறங்கிவிடும். அல்வா எந்தக் கணக்கிலும் தப்பாது. வாங்கினால் 100 கிராம் வாங்கி வீடே பகிர்ந்துகொள்வோம், சாப்பிட்டோம் என்று எழுதியும் வைப்போம். கல்யாணப் பந்தியில் இருவரும் ஒரே விதியைத்தான் பின்பற்றுகிறார்கள்: கூட்டு, அவியல், பொரியல் இரண்டாம் தடவை கேட்கலாம், சோறு ஒரே தடவை, பாயசம் அல்லது இனிப்பு ஏதாவது ஒன்று.

தராசில் ஏறும்போது

காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு, சாப்பிடும் முன், வாரத்தில் மூன்று நாள் எடை பாருங்கள். மூன்றின் சராசரியைத்தான் போன வாரத்தோடு ஒப்பிட வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து ஒரு கிலோ, இரண்டு கிலோ கூடத் தெரியலாம். அந்த வாரத்தை அதற்கு அடுத்த மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். இடுப்பளவை மாதம் ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் எடுத்தால் போதும். நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரைத் தள்ளுவதும் போதும். அது இல்லாவிட்டால் குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடும்.

மூன்று வாரம் எடையும் இடுப்பும் அசையவில்லை என்றால் முறையை மாற்றாதீர்கள், மறுபடி நோட்டை எடுங்கள். பெரும்பாலும் கரண்டி பெரிதாகியிருக்கும். கரண்டி சரியாக இருந்தால் தேவை குறைந்திருக்கும். என் கணவர் 82-இலிருந்து 75-க்கு வந்தபோது சூத்திரத்தை மறுபடி போட்டோம், ஒரு நாள் தேவை 100 கலோரி அளவுக்குக் குறைந்திருந்தது. மதியத் தயிரோடு வரும் கடைசிச் சோறு போயிற்று, எடை மறுபடி இறங்கியது. தங்கை 64-இல் நிற்கிறாள், ஹெச்பிஏ1சி 5.6.

முறையை மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. கலோரி எண்ணுகிறவர் நாள் முழுக்கப் பசியோடு இருந்தால் காலை வேளையில் மட்டும் இட்லியைக் குறைத்து முட்டையைக் கூட்டிப் பார்க்கலாம். மாவுச்சத்தைக் குறைத்தவருக்குச் சோற்று நினைப்பே தீராமல், வார இறுதியில் பிரியாணியில் எல்லாம் போய்விடுகிறது என்றால், அவர் கலோரி கணக்குக்கு வந்துவிடுவது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு நான் நடுவழியைச் சொல்வேன்: தானியத்தை நாளைக்கு 150 கிராம் அரிசி அளவில் நிறுத்தி, பருப்பையும் சுண்டலையும் தயிரையும் கூட்டி, எண்ணெயை மட்டும் எண்ணுவது. பருப்பிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் 130-க்குள் நிற்பது அவர்களுக்குச் சிரமம், நிற்கவும் தேவையில்லை.

வேண்டிய எடைக்கு வந்தபிறகு பழைய தட்டுக்கு ஒரே நாளில் போகாதீர்கள். கலோரிக்காரர் 100 கலோரி கூட்டுங்கள், மாவுச்சத்துக்காரர் 15 கிராம் கூட்டுங்கள். என் வீட்டு அளவில் இரண்டாமவருக்கு அது ஒரு இட்லி. இரண்டு வாரம் அப்படியே இருந்து சராசரி எடையைப் பாருங்கள். அசையவில்லை என்றால் அடுத்த இட்லி, ஏறினால் அதற்கு முந்தைய அளவுதான் உங்கள் அளவு.